ஷாட்டக் பள்ளியின் மறுபக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில் ஷாட்டக் பள்ளி, நடிகர் மார்லன் பிராண்டோவை 1943-இல் வெளியேற்றிய இடமாக மட்டுமே வந்திருந்தது வருத்தமளித்தது. சக மாணவர்கள் அவருக்காகப் போராடியதையும், பள்ளி அவரைத் திரும்ப அழைத்ததையும் ஏன் விட்டீர்கள்?

மின்னசோட்டாவின் ஃபேரிபோ நகரில் 1858-இல் எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவ சபையின் பாதிரியார் ஜேம்ஸ் லாயிட் பிரெக் தொடங்கிய பள்ளி அது. சிற்றாலய வழிபாடும் சீருடை அணிவகுப்பும் அங்கே கைகோத்து வளர்ந்தன. 1970-களில் ராணுவப் பயிற்சி கைவிடப்பட்டது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்த 'கிராக் ஸ்குவாட்' என்ற அணிவகுப்புக் குழு கலையவில்லை. மாணவர்களே பொறுப்பேற்று அதை நடத்துகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் பிள்ளைகள் காத்த மரபு இது. கட்டுரையில் முதலில் இடம்பெற்றிருக்க வேண்டியதும் இதுதான்.

– வாசகர், திருநெல்வேலி