எழுத்துரு ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இந்த ஆண்டை முழுக்க செரிஃப் இட்டாலிக்குக்கே, அதாவது கோடுகளின் நுனியில் சிறு கால்கள் வைத்த லத்தீன் எழுத்துருவின் சாய்ந்த வடிவத்துக்கே, ஒதுக்கினோம்.

முதல் கூட்டத்தில் அதன் பிறப்பைப் பேசினோம். வெனிஸில் ஆல்டஸ் மனுசியஸ் 1501இல் வெர்ஜிலின் கவிதைகளை முழுவதும் இட்டாலிக்கிலேயே அச்சிட்டார். அச்சு வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அறிஞர்கள் வேகமாக எழுதும் கையெழுத்துதான் மாதிரி. அதில் சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்திருக்கும், பேரெழுத்துகள் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். ரோமன் எனப்படும் நிமிர்ந்த எழுத்துக்குத் துணையாள் ஆனதெல்லாம் பிற்பாடுதான். 1989இல் வந்த அடோபி கேரமாண்ட் எழுத்துருவில்கூட ரோமனுக்கு மூலம் பதினாறாம் நூற்றாண்டில் அச்சு வெட்டிய கேரமாண்ட், இட்டாலிக்குக்கு மூலம் அதே நூற்றாண்டின் ராபர்ட் கிரான்ஜோன். இரண்டு பேர் வேலையைச் சேர்த்து வைத்த ஜோடி அது.

எனக்குப் பிடித்தது ஈய அச்சுக் கூட்டம். அந்தக் காலத்தில் கம்போசிட்டராக அச்சு கோத்த நம் மூத்த உறுப்பினர் ஒரு டப்பா இட்டாலிக் அச்சு கொண்டுவந்தார். எஃப் எழுத்தின் தலையும் வாலும் அச்சுக்கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்து எழுத்தின் தோளில் சாய்ந்து நிற்கும். டப்பாவில் பாதி எஃப்புகளுக்குத் தலை இல்லை. "அழகுக்குக் கொடுத்த விலை, தம்பி" என்றார்.

இனி, ஆண்டு மலர் விவகாரம். இட்டாலிக்கின் பயன்களைக் காட்டவென்றே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தோம்: நூல் தலைப்பு, கப்பல் பெயர், உயிரினங்களின் லத்தீன் பெயர், கணிதத்தில் மாறிகள். அச்சகத்துக் கணினியில் இட்டாலிக் கோப்பு இல்லை. மென்பொருள் ரோமனையே பிடித்துச் சாய்த்துவிட்டது. சிறிய ஏ எழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இட்டாலிக்கில் ஒரே வயிறும் ஒரு காலுமாக இருக்க வேண்டியது, மேலே கொக்கியோடு இரண்டு அடுக்காகவே காற்றில் சாய்ந்த மரம்போல நின்றது. எஃப்புக்கு வாலே இல்லை. எழுத்தின் உடல் மாற வேண்டும், சாய்வு அதில் ஒரு பகுதிதான் என்று ஆண்டு முழுக்கப் பேசிய சங்கத்தின் மலரில் இப்படி! புரூஃபில் கையெழுத்துப் போட்டவன் நான். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது. பொதுக்குழு மன்னிக்க வேண்டும்.

அழுத்தம் கொடுக்க இட்டாலிக்கை எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற விவாதம் ஒரு மாலையோடு முடிந்தது: ஓரிரு சொல்லுக்கு அழகு, பக்கம் முழுக்கப் போட்டால் எதற்குமே அழுத்தம் இல்லை. தமிழ் எழுத்தைச் சாய்க்கலாமா என்ற விவாதம் மூன்று கூட்டங்களைத் தின்றது, இன்னும் முடியவில்லை. கையெழுத்திலிருந்து வராத சாய்வு வெறும் சரிவு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

திருத்தி அச்சிட்ட பக்கம் வாசலில் மேசைமேல் இருக்கிறது. மலரில் ஒட்டிக்கொள்ளவும்.

செயலாளர்