எதிரே அமர்ந்து பந்தை வாங்கிய கைகளுக்கு நன்றி

பேரன்புடைய நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும்,

வணக்கம். கடந்த சனிக்கிழமை காலை, 12 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற விளையாட்டு) ஆட்டத்தில் எங்கள் மூத்த மகள் மூன்று இன்னிங்ஸ் பந்து வீசினாள். அந்த மூன்று இன்னிங்ஸிலும் ஒரே ஒருத்தியைத்தான் நான்கு தவறான பந்துகள் கொடுத்து முதல் தளத்துக்கு நடக்கவிட்டாள். அவளுடைய அணி அன்று தோற்றுவிட்டது. இருந்தும், ஆட்டம் முடிந்து முகக்கவசத்தைக் கழற்றியபடி அவள் எங்களை நோக்கி நடந்து வந்தபோது, அந்தக் கையின் பின்னால் எத்தனை பேருடைய மாலைப்பொழுதுகள் இருக்கின்றன என்பதை எண்ணி நானும் என் கணவரும் சிறிது நேரம் பேச்சற்று நின்றோம். அன்று மாலையே இம்மடலை எழுதத் தொடங்கினேன். உங்களில் பலருக்கு நேரில் நன்றி சொல்லியிருக்கிறோம். ஆனால் நீங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தீர்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்று விரும்புகிறோம். தமிழ் அறியாத இருவருக்கு இதை ஆங்கிலத்தில் நாங்களே படித்துக் காட்டுவோம்.

கரூரிலும் திருச்சியிலும் இருந்து இதைப் படிக்கும் உறவினர்களுக்காக ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்பாலில் மட்டையாளருக்கு வீசும் பந்தைத் தலைக்கு மேலிருந்து எறியக்கூடாது. பந்து வீசுபவரான பிட்ச்சர் ரப்பர் பட்டையின்மேல் நின்று, கையை முன்னிருந்து மேலே கொண்டுபோய், காதோரமாகப் பின்னால் இறக்கி, ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்பருகே வரும்போது பந்தை விடவேண்டும். அந்தக் கணத்தில் முன்கை இடுப்பை உரசிச் செல்லவேண்டும், மணிக்கட்டு சுண்டவேண்டும், பின்கால் விரல் தரையை விட்டு எழாமல் இழுபட்டு வரவேண்டும். இவை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கின்றன. பந்து, மட்டையாளர் அருகே தரையில் பதித்திருக்கும் 17 அங்குல அகலமுள்ள தட்டுக்கு மேலாக, மட்டையாளரின் முழங்காலுக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் போனால்தான் ஸ்ட்ரைக், அதாவது சரியான பந்து. பந்தைச் சற்று முன்னதாக விட்டால் அது தட்டுக்கு முன்பே மண்ணில் குத்தும். சற்றுப் பிந்தினால், தட்டுக்குப் பின்னால் அமர்ந்து பந்தை வாங்கும் கேட்ச்சரின் தலைக்கு மேல் வலையைத் தாண்டும். என் மாமியார் இதை முதன்முதலில் பார்த்தபோது, "இது சோளக்காட்டில் குருவி ஓட்டக் கவண் சுத்துற கை மாதிரியல்லவா இருக்கு!" என்றார். பயிற்சியாளர் பல வாரங்களாக ஆங்கிலத்தில் சொல்லிவந்தது அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் மகளுக்குப் பிடிபட்டது. கவணில் கல்லை நாம் பலங்கொண்டு எறிவதில்லை, சுற்றின் வேகத்திலேயே அது விடுபட்டுப் போகிறது என்பதை அவள் அன்றுதான் உணர்ந்தாள்.

முதல் நன்றி எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உரியது. இந்த வீச்சைத் தனியாகக் கற்க முடியாது. எதிரே ஒருவர் அமர்ந்து பந்தை வாங்கியே ஆகவேண்டும். பந்து வீசும் பெண்களின் தந்தையர் இங்கே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்துதான் பந்து பிடிப்பார்கள். எங்களுக்கு அதுவும் தெரியாது. என் கணவர் குத்துக்காலிட்டு அமர்ந்து, இரண்டாம் நாளே முழங்கால் வலியால் எழ முடியாமல் தவித்ததை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த பெரியவர், மெத்தை தைத்த மூடியுள்ள ஒரு பழைய வெள்ளை வாளியையும், தம் மகள் பயன்படுத்திய கேட்ச்சர் கிளவ்வையும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு அளவுநாடாவை விரித்து, எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையில் சரியாக 35 அடிக்குச் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடுகள் போட்டார். 10 வயதுக்குட்பட்டோர் வீசும் தொலைவு அது. மழை பெய்து அழிந்த ஒவ்வொரு முறையும் நாங்கள் கேட்காமலே அவர் மீண்டும் கோடு போட்டு வைத்திருப்பார்.

நாங்கள் குடியிருக்கும் நேப்பர்வில்லிலிருந்து சுமார் 30 மைல் கிழக்கே உள்ள சிகாகோவில்தான் இந்த விளையாட்டு 1887-ஆம் ஆண்டு அமெரிக்கர்களின் நன்றி நாளில் (தேங்ஸ்கிவிங்) பிறந்தது என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். ஃபாரகட் படகுக் கழகத்தின் கூடத்தில், ஒரு குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகக் கட்டி, துடைப்பக்கட்டையால் அடித்து ஆடினார்களாம். சிகாகோவில் இன்றும் 16 அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தைக் கையுறையின்றியே பிடித்து ஆடுகிறார்கள். அப்படி இளமையில் ஆடியதால் பெரியவரின் வலக்கை மோதிரவிரல் நுனி இன்றும் வளைந்தே இருக்கிறது. அந்த விரலால்தான் அவர் எங்கள் மகளின் காலணிக்குப் பசை பூசிக் கொடுப்பார். தரையில் இழுபடுவதால் வலக்காலணியின் நுனி ஆறு வாரத்தில் கிழிந்துவிடும். முதல் காலணி கிழிந்தபோது மட்டமான பொருள் என்று நினைத்துத் திருப்பித் தரக் கிளம்பிய எங்களைத் தடுத்து, கால் சரியாக இழுபடுகிறது என்பதற்கு இதுவே அடையாளம் என்று மகிழ்ச்சியோடு சொன்னவர் அவர். கெட்டியான ரப்பர்ப் பசையை மூன்று பூச்சாகப் பூசி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் உலரவைத்து, மூன்றாம் நாள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்.

அடுத்து, பயிற்சியாளர் அம்மையாருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனைச் சொல்லவேண்டும். அதற்கு எங்கள் பிழையையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. மகள் ஒன்பது வயதில் முதன்முறையாகக் களத்தில் பந்து வீசிய அன்று, ஆறு பேரை அடுத்தடுத்து நடக்கவிட்டாள். முதல் மூன்று பேரிலேயே மூன்று தளங்களிலும் ஆள் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும் எதிரணிக்கு ஓர் ஓட்டம் கிடைத்தது. வேலியோரம் நின்ற நாங்கள் இருவரும் "தோளை இறக்கு", "மெதுவா விடு", "இடுப்பை மூடு" என்று மாறிமாறிக் குரல் கொடுத்தோம். தமிழில் சொன்னால் மற்றவர்களுக்குப் புரியாது, அவளுக்கும் அவமானமாக இராது என்று நினைத்தோம். அவளோ ஒவ்வொரு பந்துக்கு முன்பும் கேட்ச்சரைப் பார்ப்பதை விட்டு எங்களைப் பார்த்தாள். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் பிட்ச்சரை மாற்றும்படி உரக்கச் சொன்னதும் அவள் காதில் விழுந்தது. பயிற்சியாளர் அவளை மாற்றவில்லை. அவளருகே சென்று, கிளவ்வால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். ஏழாவது சிறுமி பந்தை அடித்தாள். முதல் தளத்தில் அவுட் ஆனாள்.

ஆட்டத்துக்குப் பிறகு அவர் எங்களைத் தனியே அழைத்துப் பேசினார். எந்தக் குழந்தையும் வேண்டுமென்று தவறான பந்து வீசுவதில்லை என்றும், ஒரு சிறுமியின் தலைக்குள் ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் இடம் உண்டு என்றும், வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ஆட்டத்தைப் பற்றி அவளாகப் பேசினாலொழிய நாங்கள் பேசவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கடிந்துகொள்ளும் தொனி அதில் துளியும் இல்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து நாங்கள் இருவரும் இடப்புறக் களத்தின் கோடியில், மகளுக்கு முகம் தெரியாத தொலைவில் நின்று பார்க்கத் தொடங்கினோம். பெற்றோராக எங்களுக்கு இந்த மூன்று ஆண்டுகளில் கிடைத்த எல்லா உதவிகளிலும் அந்தப் பத்து நிமிடப் பேச்சையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். அன்று மகளிடம் என்ன சொன்னார் என்று பல மாதங்கள் கழித்துத்தான் அவளிடம் கேட்டேன். ஆட்டம் முடிந்ததும் என்ன சாப்பிடப் போகிறாய் என்று கேட்டாராம். தயிர்சாதம் என்று சொன்னாளாம்.

என் மாமியாரான அத்தைக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார் என்பது தெரியும். ஆயினும் சொல்லியே தீரவேண்டும். கரூரிலிருந்து வந்து எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்தபோது, ஒரு நாளைக்கு 60 பந்துகளுக்கு மேல் வேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருப்பதைக் கேட்டறிந்து, அந்தப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு அமர்ந்து, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை மடியில் வைத்துக்கொள்வார். ஒன்றில் எண்ணிப் போட்ட 60 கொண்டைக்கடலைகள் இருக்கும். பந்து ஒவ்வொன்றும் கிளவ்வில் விழுந்ததும் ஒரு கடலையை எடுத்து மற்ற டம்ளரில் போடுவார். கடைசிக் கடலை விழுந்ததும் நாற்காலியை மடக்கிவிடுவார். "இன்னும் அஞ்சே அஞ்சு, அப்பத்தா" என்று பேத்தி கெஞ்சும்போதெல்லாம், "கடலை தீர்ந்துபோச்சு கண்ணு, கை நாளைக்கும் வேணுமில்ல" என்பார். என் கணவர் கேட்டபோதும் இதே பதில்தான் கிடைத்தது.

அந்தக் கண்டிப்பின் அருமையை எங்கள் தமிழ்ச் சங்க நண்பரான உடலியக்க மருத்துவர் பின்னர் விளக்கினார். கீழ்க்கை வீச்சு தோளுக்கு இயல்பானது, எத்தனை பந்து வேண்டுமானாலும் வீசலாம் என்ற நம்பிக்கை இந்த விளையாட்டில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. கை வட்டமாகச் சுழன்று இறங்கும்போது தோளின் முன்புறத் தசைநாணில் பெரும் சுமை விழுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியபின்தான் அது மாறத் தொடங்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தம் நாட்டுக்குத் தங்கம் பெற்றுத் தந்ததை எங்கள் மகள் காணொளியில் பலமுறை பார்த்து வியந்திருக்கிறாள். நானும் வியக்கிறேன். ஆனால் அது தேர்ந்த ஒரு வீராங்கனை தம் நாட்டுக்காகச் செய்தது. வளரும் எலும்புக்கு அது அளவுகோல் ஆகாது என்பதை அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்ன அந்த நண்பருக்கும், தோள் வலித்த இரண்டு வாரமும் மாலைதோறும் அழைத்து விசாரித்ததற்கும், எங்கள் வணக்கம்.

இல்லினாய் மாநிலத்தின் குளிர்காலத்தை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை நடைபாதையில் பனிதான் இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அடித்தளத்துக்கு வாரம் இரண்டு மாலை வந்து, அவள் முழந்தாளிட்டு மணிக்கட்டை மட்டும் சுண்டிப் பழகும் பந்துகளைச் சலிக்காமல் வாங்கிக் கொடுத்த தம்பிக்கு என்ன சொல்வது? பல்கலைக்கழகத்தில் முதுநிலை படிப்பின் நடுவே, தேர்வுக் காலத்திலும் அவர் வந்தார். கல்லூரி கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பராக இருந்த கைகள் என்பதால், மண்ணில் குத்தி எழும் பந்தை முகம் திருப்பாமல் எடுப்பதை அவரிடம்தான் என் கணவர் கற்றுக்கொண்டார்.

12 வயதுப் பிரிவுக்குப் போனதும் பந்தின் சுற்றளவு 11-லிருந்து 12 அங்குலமாகிறது. தொலைவு 35-லிருந்து 40 அடியாகிறது. காகிதத்தில் பார்த்தால் சிறிய மாற்றம். அவளுக்கோ அதுவரை கற்ற எல்லாமே கைவிட்டுப் போனது போலிருந்தது. விரல்கள் பந்தைச் சுற்றிப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் எல்லாப் பந்தும் தட்டுக்கு முன்னால் மண்ணில் குத்தின. அந்த இரண்டு மாதமும் அத்தனை பந்துகளையும் தன் உடம்பால் தடுத்தவள் அணியின் கேட்ச்சரான சிறுமி. அவளுடைய தொடையிலும் முன்கையிலும் நீலம் பாரித்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் மண்ணைத் துடைத்துப் பந்தை மகளிடம் எறிந்துவிட்டு, கிளவ்வை மீண்டும் அதே இடத்தில் காட்டினாள். அவளைப் பெற்றவர்களே, உங்கள் மகள் இல்லாவிட்டால் எங்கள் மகள் அந்த வசந்தத்திலேயே விளையாட்டை விட்டிருப்பாள்.

பின்கால் தரையைவிட்டு எழுவதைக் கண்டதும் உடனே விதிமீறல் என்று அறிவிக்காமல், இன்னிங்ஸ் இடைவேளையில் பயிற்சியாளரிடம் அமைதியாகச் சொல்லித் திருத்திக்கொள்ள வாய்ப்பளித்த அம்பயருக்கும், சனிக்கிழமை ஆட்டங்களால் தவறிய தமிழ்ப் பள்ளிப் பாடங்களை வியாழன் இரவுகளில் தொலைபேசியில் நடத்தி ஆண்டுத்தேர்வு எழுதவைத்த ஆசிரியை அக்காவுக்கும், நாங்கள் இருவரும் வேலையில் மாட்டிக்கொண்ட நாட்களில் அவளைத் தங்கள் பிள்ளைகளோடு ஏற்றிச் சென்ற மூன்று குடும்பங்களுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

அத்தை ஊர் திரும்பியபின் அந்த 60 கடலைகளும் ஒரு சிறு புட்டியில் மகளின் பையிலேயே இருக்கின்றன. ஞாயிறுதோறும் கரூரிலிருந்து அழைத்து, அந்த வாரம் யார் கடலை எண்ணினார்கள் என்று தவறாமல் கேட்கிறார்.

வருகிற ஞாயிறு மதியம் நீங்கள் அனைவரும் குடும்பத்துடன் எங்கள் வீட்டுக்கு உணவருந்த வரவேண்டும் என்று அன்போடு அழைக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: கிளவ்வை எண்ணெய் பூசித் திருப்பித் தருகிறோம், வாளியை இன்னும் சில ஆண்டுகள் எங்களிடமே விட்டுவைக்கவேண்டும். ஏழு வயதான எங்கள் இளையவள் கடந்த வாரம் முதல் நடைபாதையில் நின்று கையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உரிய கோடுகளையும் நீங்களே போட்டுத் தரவேண்டும்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்