உருப்படியா, எடையா?

கடலூர் முதுநகர்,
ஞாயிறு பிற்பகல்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி வெயில் வந்ததும் குறைந்துவிட்டது. போனில் நான் பேச ஆரம்பித்தால் அங்கே பிரான்சில் உனக்கு ஏதாவது மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் சாவகாசமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ வாங்கிய சாமானைப் படம் எடுத்து அனுப்பினாயே, அந்த ஐந்து படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெஜோ காபி மில்தான், சந்தேகமே இல்லை. பித்தளைத் தகட்டில் சிங்கம் தெரிகிறது. கார் பண்ணுகிற அதே பெஜோதான். காருக்கெல்லாம் ரொம்ப முன்னால், 1840-லேயே காபி மில் பண்ணியவர்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்துப் பாண்டி காந்தி வீதிச் சந்தைக்குப் போவேனே, அங்கே சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள்) வீட்டுச் சாமான்களோடு இதே மாதிரி நாலைந்து என் கைக்கு வந்து போயிருக்கிறது. 8 யூரோ கொள்ளை மலிவு.

அரைக்கவே மாட்டேன் என்கிறது என்றாய். தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதே. உள்ளே இருக்கிற பல்லுக்கு ஈரம் ஆகாது, துருப்பிடித்துவிடும். கைப்பிடி மேலே இருக்கிற மரையைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் காய்ந்துபோன தூளைத் தட்டி எடு. அப்புறம் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டு. பழைய காபியின் சிக்கு வாடையை அரிசி இழுத்துக்கொண்டு வந்துவிடும். கைப்பிடிக்குக் கீழே பல் வெட்டிய திருகு ஒன்று இருக்கும். இறுக்கினால் தூள் நைசாகும், தளர்த்தினால் கொரகொரப்பாகும். நம் ஃபில்டருக்கு ரொம்ப நைசு வேண்டாம். ஓட்டை அடைத்துக்கொண்டால் சாயங்காலம் வரைக்கும் டிகாஷன் இறங்காது.

இப்போது அந்த நாலாவது படத்துக்கு வருகிறேன். இழுப்பறையைக் கவிழ்த்துப் போட்டு எடுத்திருக்கிறாய். அடிப்பலகையில் பென்சிலால் யாரோ பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். "இதைப் பார்த்ததும்தான் வாங்கிடலாம்னு முடிவு பண்ணேம்பா" என்று கீழே போட்டிருந்தாய். நான் சிரித்த சிரிப்பில் உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஜாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நீ ஆறாம் வகுப்பு. பழைய பேப்பர் மூட்டைக்குள்ளே இருந்து வந்தது. காம்பஸ், டிவைடர் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன. மூடியில் எந்தப் பிள்ளையோ ஆணியால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தது. நான் உப்புத்தாள் வைத்து ராத்திரி உட்கார்ந்து தேய்த்தேன். பெயர் போனது, ஆனால் தேய்த்த இடம் பளபள என்று தனியாகத் தெரிந்தது. நீ அதைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து, போன எழுத்தையும் படித்துவிட்டு, "எனக்கு வேணாம்" என்று வைத்துவிட்டாய். மறுநாள் மஞ்சக்குப்பத்தில் புதுசு வாங்கிக் கொடுத்தேன். அது குற்றம் என்று சொல்லவில்லை. அந்த வயதில் காயலான் கடைக்காரர் பெண் என்பது லேசான காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பார், அன்றைக்கு ஒரு பெயருக்காக வேண்டாம் என்றாய், இன்றைக்கு ஒரு பெயருக்காகவே வாங்கியிருக்கிறாய்.

நம் தொழிலில் ஒரு சாமான் கடைக்குள் வந்தால் தாத்தா கேட்கிற முதல் கேள்வி, "உருப்படியா, எடையா?" என்பதுதான். உருப்படி என்றால் அது இன்னும் பொருள். எடை என்றால் அது வெறும் பித்தளை, வெறும் இரும்பு. எடை என்று முடிவாகிவிட்டால் சம்மட்டி எடுத்து அடித்து நசுக்கி மூட்டை கட்டவேண்டியதுதான், லாரியில் இடம் அடைக்கக்கூடாது அல்லவா. காமாட்சி விளக்கு, பன்னீர்ச் செம்பு, வெற்றிலைப் பெட்டி என்று எத்தனையோ அப்படிப் போயிருக்கிறது. எனக்குச் சிலதின் மேல் கை ஓங்க வராது. நைசாகப் பின்கட்டுப் பரணில் ஏற்றிவிடுவேன். "இவன் கடை நடத்தறானா, மியூசியம் நடத்தறானா" என்று தாத்தா ஆயாவிடம் சத்தம் போடுவார்.

தானே புயல் அடித்ததே, 2011 டிசம்பர் 30, அப்போது நீ பாண்டி ஹாஸ்டலில் இருந்தாய். அடுத்த பத்து நாள் கடைக்கு வந்தது முழுக்க மடங்கிப்போன தகரம். எல்லாம் எடைதான். விற்றவர்களே ஒரு வாரம் கழித்துக் கூரை போடத் தகரம் தேடிக்கொண்டு வந்தார்கள். மடங்கலைத் தட்டி நிமிர்த்தி, வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதக் கணக்கு நோட்டை உன் அம்மா இன்றுவரைக்கும் கையால் தொடுவதில்லை.

அதனால்தான் போன வருஷம் அங்கே நாந்த் நகரத்துக்கு வந்தபோது, கோட்டை, கப்பல் கட்டின இடம் எல்லாம் நீ சுற்றிக் காட்டியும் எனக்குக் கனவில் வருவது எம்மாவுஸ் என்கிற அந்தப் பழைய சாமான் கொட்டகைதான். அங்கே எல்லாமே உருப்படி! ஒற்றைக் கரண்டிக்குக்கூடச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறான். ஊர்க்காரர்கள் வேண்டாத சாமானைச் சும்மா கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வீடு வாசல் இல்லாமல் வந்து சேர்ந்தவர்கள் அங்கேயே தங்கி, பிரித்து, பழுது பார்த்து, விற்று, அந்த வருமானத்தில் பிழைக்கிறார்கள். 1949-லிருந்து இப்படி நடக்கிறது என்று நீ சொன்னபோது, என் வயதைவிடப் பழைய கடை என்று நினைத்துக்கொண்டேன்.

பீங்கான் தட்டு பிரித்துக்கொண்டிருந்தாரே, நரைத்த தாடி வைத்தவர், அவரைப் பார்த்தாயா நீ? நீ அந்தப் பக்கம் புத்தகத்தில் தலையை விட்டிருந்தாய். ஒவ்வொரு தட்டையும் மூன்று விரலில் ஏந்தி, மறுகை முட்டியால் ஒரு தட்டு. ணங் என்றால் இந்தப் பக்கம், டொக் என்றால் அந்தப் பக்கம். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடும். நானும் ஒன்றை எடுத்துத் தட்டினேன். டொக். உதட்டைப் பிதுக்கி அவரிடம் நீட்டினேன். அவரும் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் கால் மணி நேரம் இரண்டு பேரும் தட்டிக்கொண்டே இருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. நீ வந்து "போலாம்பா, எல்லாரும் பார்க்கறாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாய். இந்த வயதிலுமா பாப்பா?

வரும் வழியில் நீ சொன்ன குப்பைத்தொட்டிக் கதையை நம் கடைக்கு வரும் பழைய பேப்பர்க்காரர்களிடமும் சொன்னேன். 1883-ல் பாரிஸில் புபெல் என்கிற அதிகாரி வீட்டுக்கு வீடு மூடி போட்ட தொட்டி வைக்கச் சட்டம் போட்டு, தெருவில் பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடித்துவிட்டார் என்றாயே. இன்றைக்கும் அங்கே குப்பைத்தொட்டிக்கு அவர் பெயர்தானாம். "சரியான தண்டனை" என்று எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

பரண் காலி பண்ணும் சந்தை, வீத் கிரெனியே, அதுவும் எனக்குப் பிடித்தது. தெருவில் கடை போடுகிற வீட்டுக்காரர்கள் தாங்கள் புழங்கின பொருளைத்தான் விற்கலாம், அதுவும் வருஷத்துக்கு இரண்டே தடவை என்பது நல்ல சட்டம். இல்லாவிட்டால் என்னைப் போல வியாபாரிகள் புகுந்துவிடுவோம். அங்கே ஒரு பாட்டி கையில் கொடுத்த துராலெக்ஸ் என்கிற பிரெஞ்சுக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து நான் அடியில் நம்பர் பார்த்தேன். பாண்டியில் பிள்ளைகள் அந்த நம்பரை வைத்து "உனக்கு இத்தனை வயசு" என்று விளையாடும். அந்தப் பாட்டியும் அதையே கேட்டாள் என்று நீ மொழிபெயர்த்துச் சொன்னாய். எனக்கு 14 வந்தது.

இனி நீ தனியாகப் போகும்போது இதையெல்லாம் மனசில் வை. செம்புப் பாத்திரம் அங்கே நிறையக் கிடைக்கும், பார்த்தால் ஆசை வரும். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்து சிவப்பு தெரிந்தால் சுவரில் மாட்ட மட்டும் வாங்கு. புளிக்குழம்பு வைத்துவிடாதே. பூசித்தருகிற ஆள் அங்கேயும் இருப்பார், ஆனால் கூலி பாத்திர விலையைத் தாண்டிவிடும். பித்தளை என்று சொன்னால் காந்தம் வைத்துப் பார். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். மெத்தை, சோபா பக்கமே போகாதே. 2023-ல் பாரிஸ் மூட்டைப்பூச்சியை நம் டிவிக்காரர்களே காட்டினார்கள். மர நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி ஒரு தட்டுத் தட்டு. மாவு மாதிரி கொட்டினால் வண்டு உள்ளே குடித்தனம் இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். அம்மாவிடம் சொல்லாதே. அந்த எம்மாவுஸ் கொட்டகையில், விளக்கு ஸ்டாண்டுகளுக்குப் பின்னால், ஒரு மேஜைத் தராசு இருந்தது. இரண்டு பித்தளைத் தட்டும் மேலே இருக்கும், ரொபேர்வால் தராசு. அதன் ஒரு தட்டில் ஒரு பூந்தொட்டியைத் தூக்கி வைத்திருந்தார்கள், பாவிகள். பூந்தொட்டியை இறக்கிவிட்டு, என் சாவிக்கொத்தைத் தட்டின் நடுவில் வைத்தேன், ஓரத்தில் வைத்தேன். முள் ஒரே இடத்தில் நின்றது. சாமானைத் தட்டில் எந்த மூலையில் வைத்தாலும் எடை மாறாது, ரொபேர்வால் என்கிற ஆள் 1669-ல் கண்டுபிடித்த வித்தை அதுதான். தட்டை இடம் வலம் மாற்றியும் பார்த்தேன். சுத்தமான தராசு, ஒரு குந்துமணி பொய் சொல்லவில்லை. 23 கிலோதான் பெட்டியில் அனுமதி என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அது இன்னும் அங்கேயே இருந்தால், நீ பொங்கலுக்கு வரும்போது உன் துணிமணியைக் கொஞ்சம் குறைத்துக்கொள். தட்டுகளைத் தனியாகக் கழற்றி, பழைய சட்டையில் சுற்றி வை. படிக்கல் இல்லை என்று கொட்டகைக்காரர் விலையைக் குறைத்தால் வேண்டாம் என்று சொல்லாதே. 50 கிராமிலிருந்து 5 கிலோ வரைக்கும் தாத்தாவுடைய படிக்கல் மொத்தமும் பரணில் இருக்கிறது. நேற்றுதான் இறக்கித் துடைத்து வைத்தேன்.

அன்புடன்,
அப்பா