இளையோர் போதை நீதிமன்றம்: பணம் எங்கே போக வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போதைப் பழக்கத்தால் வழக்கில் சிக்கும் இளையோருக்கு உள்ளூர் அளவில் ஒரு தனி நீதிமன்றத் திட்டம் வேண்டுமா, அதற்கு வரிப்பணத்தைக் கொடுக்கலாமா என்று உங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். தப்பு செய்தவனுக்கு எதற்கு இத்தனை கவனிப்பு என்று சிலர் கேட்கிறார்கள். கண்டிப்பான ஒரு நீதிபதியை உட்கார வைத்தால் பிள்ளைகள் தானாகத் திருந்திவிடுவார்கள் என்று வேறு சிலர் நம்புகிறார்கள். நன்னடத்தை அலுவலராக இளங்குற்றவாளிகளோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பணத்தில் பெரும் பங்கு சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் போகவில்லை என்றால் கொடுத்தும் பயனில்லை.

முதல் போதை நீதிமன்றம் 1989-இல் அமெரிக்காவின் மயாமியில் தொடங்கியது. கொக்கைன் வழக்குகள் குவிந்து சிறைகள் நிரம்பி வழிந்த காலம். உள்ளே போனவர்கள் வெளியே வந்து மறுபடியும் அதே வழக்கில் வந்து நின்றார்கள். சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால் வழக்கை நிறுத்திவைக்கலாம், முழுதாக முடித்தால் கைவிடலாம் என்ற யோசனை அப்படித்தான் பிறந்தது. 1990களின் நடுவில் சிறார்களுக்கும் இதே முறை வந்தது.

அங்கே நடப்பதைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே நீதிபதி, அரசு வழக்கறிஞர், பையனின் வழக்கறிஞர், நன்னடத்தை அலுவலர், சிகிச்சை ஆலோசகர், பல இடங்களில் பள்ளியிலிருந்து ஒருவர் என்று எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேசுவார்கள். இந்த வாரம் பள்ளிக்குப் போனானா, ஆலோசனைக்கு வந்தானா, சிறுநீர்ப் பரிசோதனையில் என்ன தெரிந்தது, வீட்டில் நிலைமை எப்படி என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் விசாரணை. நீதிபதி பையனைப் பெயர் சொல்லி அழைத்து, வழக்கறிஞர் வழியாக இல்லாமல் நேராக அவனிடமே பேசுவார். ஒழுங்காக இருந்தவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், இரவு வீடு திரும்பும் நேரத்தில் கொஞ்சம் தளர்வு கிடைக்கும். தவறியவனுக்குச் சமூக சேவை, கூடுதல் கண்காணிப்பு. ஆரம்பத்தில் வாரம் ஒரு முறை வர வேண்டும், போகப்போக இடைவெளி கூடும். முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடிக்கும். தன் பெயரைத் திட்டுவதற்கு மட்டுமே பெரியவர்கள் உச்சரித்துக் கேட்ட ஒரு பையன், கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் “கணக்குப் பரீட்சை எப்படிப் போனது?” என்று கேட்டதும் பதில் தெரியாமல் விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் நல்லதுதான். ஆனாலும் கணக்கு வேறு ஒன்றையும் சொல்கிறது. 2012-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 154 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெரியவர்களுக்கான போதை நீதிமன்றங்களில், மறுபடி குற்றத்தில் இறங்குவோர் நூற்றுக்கு 50 என்ற நிலையிலிருந்து சுமார் 38 ஆகக் குறைந்தார்கள். சிறார் நீதிமன்றங்களில் அந்த எண் சுமார் 43.5 வரைதான் இறங்கியது. திட்டத்தை எதிர்ப்பவர்கள் இதைக் காட்டி ‘பார்த்தீர்களா’ என்பார்கள். ஆதரிப்பவர்கள் இதைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். இரண்டும் சரியில்லை. சிறாருக்குப் பலன் ஏன் குறைவு என்று கேட்டால்தான் பணம் எங்கே போக வேண்டும் என்பது விளங்கும்.

பெரியவர்களுக்கு வகுத்த முறையை அப்படியே பதினைந்து வயதுப் பையன் மேல் போர்த்தினால் அது அவனுக்குப் பொருந்தாது. எங்கே வசிப்பது, யாரோடு வசிப்பது என்பதை அவன் முடிவு செய்வதில்லை. அப்பா தினமும் குடிக்கும் வீட்டுக்குத்தான் அவன் ராத்திரி திரும்ப வேண்டும். பின்விளைவை யோசித்து நிதானிக்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. ‘ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கு போய்விடும்’ என்பது நாற்பது வயதுக்காரருக்குப் பெரிய ஆசை காட்டும். பையனுக்கோ ஒரு வருடம் என்பது கண்ணுக்கே தெரியாத தூரம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 161 இளையோரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. சாதாரணக் குடும்ப நீதிமன்றத்தைவிடப் போதை நீதிமன்றத்துக்குப் போனவர்களிடம் போதைப் பழக்கம் குறைந்தது. அதோடு, சிகிச்சையாளர் வீட்டுக்கே போய்ப் பெற்றோர், பள்ளி, நண்பர் வட்டம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் தீவிரக் குடும்ப சிகிச்சையும் கிடைத்தபோது, பழக்கம் இன்னும் குறைந்தது. அப்படிப்பட்ட சிகிச்சையாளர் ஒருவர் ஒரே நேரத்தில் மிகச் சில குடும்பங்களைத்தான் பார்க்க முடியும். அதனால் செலவு அதிகம். பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான்.

சிகிச்சையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பரிசோதனை மட்டும். அதையும் சிக்கனம் பிடித்து நடத்தினால் அநியாயம் ஆகிவிடும். தொடர்ந்து கஞ்சா புகைத்தவன் நிறுத்திய பிறகும் பல வாரங்கள் சிறுநீரில் அதன் தடயம் இருக்கக்கூடும். அதனால் இரண்டாவது வாரத்தில் ‘பாசிட்டிவ்’ வந்ததை வைத்து மறுபடி புகைத்துவிட்டான் என்று முடிவு கட்ட முடியாது. உடனடி முடிவு காட்டும் கிட் சில சமயம் தவறாகவும் காட்டும். சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பணம் இல்லாத இடத்தில் கிட்டில் தெரிந்த கோடே தீர்ப்பாகிவிடுகிறது. நிஜமாகவே நிறுத்திய ஒரு பிள்ளையைப் பொய்யன் என்று எல்லார் முன்னாலும் நிற்க வைத்தால், அடுத்த வாரம் அவன் வர மாட்டான். வந்தாலும் வாய் திறக்க மாட்டான்.

தவறியவனை ஓரிரு நாள் காவல் இல்லத்தில் போட்டு ‘புத்தி வர’ வைப்பது இன்னொரு தவறு. அங்கே அவனுக்குக் கிடைப்பது தன்னைவிடப் பெரிய வழக்கு உள்ளவர்களின் சகவாசம்தான். அதற்கு ஆகும் செலவில் எத்தனையோ ஆலோசனை அமர்வுகளை நடத்திவிடலாம்.

அதேபோல, ஒருமுறை விளையாட்டாகப் புகைத்துப் பிடிபட்ட பிள்ளையை இந்த ஒரு வருடச் சக்கரத்துக்குள் இழுத்துவிடவும் கூடாது. அவனை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பினாலே போதும். இடங்களை நிரப்பினால்தான் அடுத்த ஆண்டு நிதி வரும் என்ற நிலை இருந்தால், இப்படி இழுப்பது நடந்தே தீரும்.

நிதி என்றதும் எனக்கு மிகவும் கவலை தருவது அதன் ஆயுள்தான். இத்தகைய திட்டங்கள் பல இடங்களில் மூன்று, நான்கு ஆண்டு மானியத்தில் தொடங்குகின்றன. ஆலோசகருக்குப் பிள்ளைகள் பழகிவரும் நேரத்தில் மானியம் தீர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இளையோருக்கான போதை நீதிமன்றம் 2000-இல் தொடங்கி 2012-இல் மூடப்பட்டது. 1999-இல் தொடங்கிய பெரியவர்களுக்கான போதை நீதிமன்றமோ தொடர்ந்து நடந்து, வேறு ஊர்களுக்கும் பரவியது. சிறுவர்களுக்கு ஓட்டு இல்லை, அவர்களின் பெற்றோர் வெளியே வந்து குரல் கொடுக்கக் கூசுகிறார்கள். கத்தரி விழுந்தாலும் கேட்க ஆளில்லை. அதனால்தான் இந்தச் செலவை மானியத்தை நம்பி விடாமல் உள்ளூர் நிர்வாகத்தின் வழக்கமான ஆண்டு வரவுசெலவிலேயே சேர்க்க வேண்டும் என்கிறேன்.

வாக்களிக்கப் போகும் உறுப்பினர்கள் அதற்கு முன் திட்டத்தின் செலவுப் பட்டியலை வரிவரியாகக் கேட்டு வாங்க வேண்டும். குடும்ப சிகிச்சைக்கு எத்தனை பேர், ஒருவர் பொறுப்பில் எத்தனை குடும்பம், ஆய்வுக்கூட உறுதிப் பரிசோதனைக்கு எவ்வளவு, மானியம் முடிந்த பிறகு அந்தச் சம்பளங்களை யார் தருவார்கள் என்று பார்க்க வேண்டும். ஆலோசனை நேரம் பள்ளி முடிந்த பிறகு இருக்கிறதா, வேலைக்குப் போகும் அம்மா வந்து சேரப் போக்குவரத்துச் செலவு உண்டா என்பதையும் விசாரிக்கட்டும். இவற்றுக்குப் பதில் இருந்தால் தயங்காமல் நிதியை ஒதுக்கலாம். இல்லையென்றால் திட்டத்தைத் திருப்பி அனுப்பி, அடுத்த கூட்டத்துக்குள் திருத்திக் கொண்டுவரச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்