ராமேசஸ் வீட்டுப் பிள்ளைகள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

கெய்ரோவிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. புது அருங்காட்சியகத்தின் உள்ளே நுழைந்ததும் நிற்கும், பழைய எகிப்து மன்னர் இரண்டாம் ராமேசஸின் சிலைக்குக் கீழே, "ஒரு ஆளுக்கு இவ்வளவு தற்பெருமையா?" என்று எழுதியிருந்தாய். தற்பெருமைதான். பழைய மன்னர்களின் சிலைகளில்கூடத் தன் பெயரை வெட்ட வைத்தவர். காதேஷ் போரில் தப்பிப் பிழைத்து வந்துவிட்டு, தனி ஆளாக எதிரியை விரட்டியதாகக் கோயில் கோயிலாகச் செதுக்கியவர். ஆனால் அவருடைய குடும்பக் கதையையும் கொஞ்சம் கேள்.

அது பரம்பரை அரச குடும்பம் இல்லை. இவருக்கு முன்பு ஆண்ட துட்டன்காமன் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய குழந்தைகளாகக் கருதப்படும் இரண்டு பெண் சிசுக்களின் உடல்கள் அவர் கல்லறையிலேயே கிடைத்தன. பின்னால் ஆண்ட ஹோரெம்ஹெப்புக்கும் பிள்ளை இல்லை. அதனால் தன் அமைச்சராக இருந்த ஒரு படைத்தலைவரிடம் அரசைக் கொடுத்தார். அந்த மனிதருக்கு வளர்ந்த மகன் இருந்தார், பேரனும் இருந்தான். அந்தப் பேரன்தான் உன் சிலைக்காரர். பிள்ளையில்லாத வீட்டிலிருந்து கைமாறி வந்த சிம்மாசனம் என்பதாலோ என்னவோ, ஏறக்குறைய நூறு பிள்ளைகள் பெற்றார். முந்தைய மன்னர்கள் மகன்களைக் கோயில் சுவரில் காட்டுவது அபூர்வம். இவரோ பிறந்த வரிசைப்படி ஊர்வலமாக நிற்க வைத்தார்.

பட்டத்தரசி நெஃபெர்தாரிக்கு அபு சிம்பெலில் தனிக் கோயில் உண்டு. அதன் முகப்பில் அவளுடைய சிலைகள் ராஜாவின் சிலைகளுக்குச் சமமான உயரம். எகிப்தில் ராணிகளை ராஜாவின் முழங்கால் அளவுக்குச் செதுக்குவதுதான் வழக்கம், அதனால் இது பெரிய விஷயம். (அவளுக்குப் பின் அவளுடைய மகளே பட்டத்தரசி ஆனாள். அந்த வழக்கத்தைப் பற்றி அப்பாவிடம் விளக்கம் கேட்காதே.)

எனக்குப் பிடித்தது அவருடைய சம்பந்தி வீட்டுக் கடிதங்கள். காதேஷில் மோதிய பழைய எதிரிகளான, இன்றைய துருக்கிப் பக்கம் ஆண்ட ஹிட்டைட்டுகளோடு கி.மு. 1259-இல் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டார். அப்புறம் அந்த நாட்டு இளவரசியைப் பெண் கேட்டார். பெண் வரத் தாமதமானது. மாப்பிள்ளை சீரைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். பெண்ணின் அம்மா புதுஹெபா விட்டாளா? உங்களிடம் ஒன்றுமே இல்லையா, எங்களிடம் வாங்கித்தான் பணக்காரராக வேண்டுமா, இது கௌரவமாக இல்லையே என்ற பொருளில் எழுதிய பதில் களிமண் பலகையில் இன்றும் இருக்கிறது. இந்த அம்மாவுக்கு நான் ரசிகன். கல்யாணம் நடந்தது. இன்னொரு சமயம், தன் அக்காவுக்குக் குழந்தை பிறக்க மருத்துவர் வேண்டும் என்று ஹிட்டைட்டு ராஜா கேட்டார். அவளுக்கு ஐம்பதோ அறுபதோ ஆகிறதாமே, அதற்கு மருந்து கிடையாது என்று ராமேசஸ் பதில் எழுதினார். ராஜதந்திரி எழுதுகிற பதிலா இது!

சரி, பிள்ளைகளுக்கு வருகிறேன். ராமேசஸ் ஆண்டது கி.மு. 1279 முதல் 1213 வரை. தொண்ணூறு வயதை ஒட்டி இறந்தார். அதற்குள் பட்டத்துக்கு நின்ற மூத்த மகன் போனான். அடுத்தவனும் போனான். லக்சரில் அந்த மகன்களுக்காக மலையைக் குடைந்த கல்லறை ஒன்று இருக்கிறது. சின்னக் குழி என்று நினைத்திருந்தார்கள். 1995-இல் தொல்லியலாளர் கென்ட் வீக்ஸின் குழு உள்ளே போனபோது அறைக்குப் பின் அறை வந்துகொண்டே இருந்தது. இதுவரை 120-க்கும் மேல் எண்ணியிருக்கிறார்கள். கடைசியில் அரியணை ஏறியவர் பதின்மூன்றாவது மகன் மெர்நெப்தா. அதற்குள் அவரே கிழவர். பத்து வருடம்தான் ஆண்டார்.

நாலாவது மகன் காயெம்வாசெத் ராஜாவாகியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. மெம்பிஸ் நகரில் தலைமைப் பூசாரியாக இருந்தவர், போர்க்கதைகளில் அவ்வளவு நாட்டம் இல்லை. தன் காலத்திலேயே ஆயிரம் வருடம் பழசாகிவிட்ட பிரமிடுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, செப்பனிட்டு, கட்டியவர் யார் என்று பெயர் பொறித்து வைத்தார். கூஃபு மன்னரின் மகனுடைய சிலை ஒன்று குப்பையோடு தூக்கி எறியப்பட்டுக் கிடந்ததை மீட்டதாக, அந்தச் சிலையிலேயே எழுதி வைத்திருக்கிறார். அப்பா அடுத்தவர் சிலையில் தன் பெயரை வெட்டினார். மகன் அடுத்தவர் பெயரைத் தேடி எழுதினார். அவரும் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார்.

ராமேசஸின் உடல் ஃபுஸ்தாத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சொத்தைப் பல், மூட்டுவலி, எல்லாம் தெரிகிறதாம். மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் மிளகு நம் மேற்கு மலைப் பக்கம்தான் விளைந்தது, யார் கைமாறி அங்கே போனதோ!

அடுத்த லீவில் சக்காரா போனால், உனாஸ் மன்னரின் பிரமிடில் தெற்குப் பக்கத்தைப் பார். அங்கே காயெம்வாசெத் வெட்டிய எழுத்து இருக்கிறது. கிட்டத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள். அம்மா தனியாக எழுதுவாள்.

இப்படிக்கு,
அப்பா