தொண்ணூறு மைல் ரோட்டில் நான்தான் ஓட்டினேன்

அன்புள்ள மகள்,

முதலில் உனக்கு ஏச்சு இருக்கிறது. ஒரு ரோட்ஹவுசில் டீசல் அடித்துக்கொண்டு நிற்கிறோம், கவுண்டரில் இருந்த பிள்ளை வெளியே ஓடி வந்து எங்கள் பெயரைக் கடித்துக் குதறி, "ரொறன்ரோவிலிருந்து உங்கள் மகள் இரண்டு தரம் எடுத்துவிட்டா, உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்கிறா" என்கிறாள். அப்பாவுக்கு வெட்கம். தெற்கு அவுஸ்திரேலியாவின் செடூனாவிலிருந்து மேற்கு அவுஸ்திரேலியாவின் நோர்ஸ்மன் மட்டும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர், ரோட்ஹவுஸ்களை விட்டால் சிக்னல் அநேகமாக இல்லை என்று அடிலெய்டில் வைத்தே சொன்னேன். நீதான் கேட்கவில்லை.

"வயது போன நேரத்தில் இதென்ன விசர் வேலை, காருக்குப் பின்னால் இழுத்துத் திரியிற அந்தக் கரவன் வீட்டை வித்துப்போட்டு வீட்டில் இருங்கோ" என்ற உன் மெசேஜ் எல்லாம் நேற்று நோர்ஸ்மனுக்கு வந்த பிறகுதான் பொலபொலவென்று விழுந்தது. போனில் பதில் சொன்னால் நடுவில் குறுக்கிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நான் பயந்தது ஒரே ஒரு நாள். மறைக்கவில்லை. செடூனாவுக்கு முன்னமே, கிம்பா என்ற ஊரைத் தாண்டிப் போகும்போது எதிரே ஒரு ரோட் ட்ரெயின், லொறிக்குப் பின்னால் பெட்டிக்குப் பின் பெட்டி கோர்த்து 36 மீற்றர் நீளம். அது கடக்கும்போது காற்று முதலில் கரவனைத் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். எங்கள் கரவன் நாய் வாலை ஆட்டுவது போல ஆடத் தொடங்கியது. அப்பா கால் பிரேக்கை மிதிக்கப் போனார். அது செய்யவே கூடாதது, கார் நின்றாலும் பின்னால் வருவது தள்ளிக்கொண்டு வரும். நான் எட்டி, கரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்கிற அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தினேன். கரவன் இழுக்கப் பழக்கும் வகுப்புக்குப் போன நாளில் அப்பா பின்வரிசையில் நித்திரை கொண்டார், நான் கொப்பியில் எழுதினேன், நினைவிருக்கிறதா? நேராகிவிட்டது.

ஓய்விடத்தில் நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு தண்ணீர்க் கான், ஜெனரேட்டர், அதற்கும் பின்னால் 20 கிலோ அரிசி மூட்டை! மலிவாகக் கிடைத்ததாம். பாரம் அச்சுக்கு மேலேயும் கொஞ்சம் முன்னாலேயும் இருக்க வேண்டும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு காரின் கொளுக்கியில் அமர வேண்டும், வால் கனத்தால் ஆடத்தான் செய்யும். எல்லாவற்றையும் கட்டிலுக்குக் கீழே முன்பக்கமாக இழுத்து வைத்தோம். அதற்குப் பிறகு கரவன் கோயில் மாடு மாதிரி பின்னால் வந்தது.

அன்றைக்குப் பின்னேரம் அப்பா சாவியை என்னிடம் தந்தார். மேற்கே போகிறோமாம், பின்னேர வெயில் முகத்தில் அடிக்கிறதாம், ஒப்பரேஷன் செய்த கண் கூசுகிறதாம். இருக்கட்டும், காரணம் எதுவாயிருந்தால் என்ன. அந்த மனுஷன் பக்கத்து சீட்டில் இருந்து நான் கண்டதில்லை. முதல் அரை மணித்தியாலம் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

இந்தச் சமவெளியின் பெயர் நல்லார்பர், அதற்கு லத்தீனில் மரமில்லாதது என்று பொருளாம். உண்மையில் இந்த ரோட்டில் மரமே இல்லாத பகுதி கொஞ்சத் தூரம்தான், மற்றதெல்லாம் குட்டை மரங்கள், சாம்பல் நிறப் புதர்கள். ஹெட் ஒஃப் பைட் என்ற கடலோர இடத்தில் மேலே நின்று பார்த்தால் கீழே கடலில் தாய்த் திமிங்கிலமும் குட்டியும், ஆகஸ்ட் என்பதால் கிடைத்தது. தாய் அசையாமல் கிடக்கிறது, குட்டி அதன் முதுகில் ஏறி ஏறி வழுக்கி விழுகிறது. ஒரு மணித்தியாலம் நின்றோம், காற்றில் காது இரண்டும் மரத்துவிட்டது.

மேற்கு அவுஸ்திரேலியா எல்லையில் பழம், காய்கறி, தேன் ஒன்றும் கொண்டு போக முடியாது. அது தெரிந்தும் அப்பா அரைப் பூசணி, ஒரு பை கத்தரிக்காய், பச்சை மிளகாய் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் சமைத்தேன், கரவன் முழுக்கப் புகை. அடுத்த நாள் சோதனை செய்த பெண் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, மாசிச் சம்பல் போத்தலை மூடி கழற்றி மணந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்தாள். தேன் போத்தல் போய்விட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம் சில ஊர்களுக்குத் தனி நேரம், மேற்கு அவுஸ்திரேலியாவை விட 45 நிமிஷம் முன்னே. அரசாங்கக் கணக்கில் இல்லாத நேரம், ஆனால் ரோட்ஹவுஸ் மணிக்கூடு அதைத்தான் காட்டும். நான் சொன்ன நேரத்துக்கு உனக்கு எடுக்காமல் போனது அதனால்தான்.

1841இல் எயர் என்ற வெள்ளைக்காரர் இந்தப் பக்கம் நடந்து போனார், கடைசிவரை கூட வந்தவர் வைலி என்ற பூர்வகுடி இளைஞர். ரோட்டுக்கு எயரின் பெயர்தான். சும்மா சொன்னேன்.

கைகுனா என்ற இடத்திலிருந்து 146.6 கிலோமீற்றர் ஒரு வளைவும் இல்லை, 90 மைல் நேர் ரோட்டு. அதை முழுக்க நான் ஓட்டினேன், மணிக்கு 90 கிலோமீற்றரில் பிடித்து. எதிர்காற்று, நூறு கிலோமீற்றருக்கு 20 லீற்றர் குடிக்கிறது கார். கங்காரு செத்துக் கிடக்கும் இடத்தில் பெரிய கழுகு இருந்தால் முன்னமே வேகத்தைக் குறைக்க வேண்டும், அது எழும்ப நேரம் எடுக்கும். பொழுது சாய முதல் நிறுத்திவிடுவோம், அந்த நேரத்தில்தான் உயிரோடிருக்கிற கங்காருகள் ரோட்டுக்கு வரும்.

இன்னொன்று, இது உனக்காகவே. இந்த நெடுஞ்சாலையில் சில இடங்களில் ரோட்டிலேயே வெள்ளைக் கோடுகள் போட்டு ஓடுபாதை ஆக்கியிருக்கிறார்கள். யாருக்காவது வருத்தம் என்றால் ரோட்டை மறித்து, பறக்கும் டொக்டர்களின் விமானம் அங்கேயே இறங்கும். அப்பா அதில் இறங்கி நின்று எனக்குச் சல்யூட் அடித்துப் படம் எடுத்தார். அனுப்புகிறேன், பார்.

கரவனை விற்கவில்லை. மே மாதம் டார்வின் பக்கம் போகிறோம். நீ லீவு போட்டு வந்தால் பின் சீட் உனக்கு.

சரி, நிறுத்துகிறேன். பக்கத்து இடத்துக்கு ஆள் வந்திருக்கிறார், எங்கள் கரவனைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொல்கிறார். பின்னுக்கு எடுக்கும்போது கரவன் இடப்பக்கம் போக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்கிற அந்த வித்தை இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, அப்பாவை எழுப்ப வேண்டும்.

அம்மா