‘கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்’ என்று நாங்கள் சொல்வது ஏன்?

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காலையில் வாகனத்தைக் கராஜில் விட்டுப் போகிறீர்கள். பின்னேரம் போன் வருகிறது: “அண்ணை, கழட்டினாப் பிறகுதான் தெரிஞ்சது, இன்னும் நாப்பதாயிரம் வரும்.” மனக்கசப்புத் தொடங்குவது அங்கேதான். அந்தப் பேச்சு உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எது என்று நீங்களே பிடிக்க வழி இருக்கிறது.

இது கூடுதலாக நடப்பது என்ஜின் சூடேறி வரும் வாகனங்களில். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். என்ஜினைக் குளிராக்கும் திரவமான கூலன்ற் குறையும்போதெல்லாம் கிணற்றுத் தண்ணீர் விட்டுவந்தால், வெளியே புதிதுபோல் இருக்கும் றேடியேற்றர் உள்ளே அடைத்துக் கிடக்கும். கூலன்றையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து விடுவதே முறை. கலந்தே விற்கும் கூலன்றுக்குத் தண்ணீரே தேவையில்லை.

சூடேறிய வாகனம் வந்தால் என்ஜின் ஆறும்வரை தொடமாட்டோம். ஆறியதும் முதலில் பார்ப்பது றேடியேற்றர் மூடியை. அதில் 0.9 அல்லது 1.1 என்று அழுத்தம் பொறித்திருக்கும். றப்பர் தளர்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காது, தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும். சில வாகனங்களுக்கு மூடி மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். அடுத்து, கைப்பம்பியால் அதே அழுத்தத்தை ஏற்றிப் பத்து நிமிடம் விடுவோம். முள் இறங்கினால் ஹோஸிலோ வோட்டர் பம்பிலோ ஒழுக்கு. வெளியே ஒரு துளி ஈரமும் இல்லாமல் முள் இறங்கினால் சந்தேகம் ஹெட் கஸ்கெற்றில், அதாவது என்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் தகட்டில். நீலத் திரவம் விட்ட ஒரு குழாயை றேடியேற்றர் வாயில் பொருத்தி என்ஜினை ஓடவிட்டால், எரிந்த வாயு கூலன்றுக்குள் கலந்திருக்கும் பட்சத்தில் நீலம் மஞ்சளாகும். அந்த நேரம் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நிறம் மாறுவதைப் பார்க்க மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் ஒரு போல்ற்றும் கழற்றவில்லை. இவற்றில் ஒன்றும் செய்யாமல் “ஹெட் போயிட்டுது” என்று யாராவது சொன்னால், அது எங்கள் பெடியனாகவே இருந்தாலும், “எப்பிடித் தெரியும்?” என்று கேளுங்கள்.

ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் தெரிகிற விஷயம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நேர்ச்சட்டத்தை ஹெட்டின் முகத்தில் வைத்து, இடைவெளியை அளவு பொறித்த மெல்லிய பீலர் தகட்டால் அளப்போம். சிறிய பெற்றோல் என்ஜின்கள் பலவற்றில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது. இருந்தால் லேத்துக்கு அனுப்பி முகம் செதுக்க வேண்டும். செதுக்காமல் புதுக் கஸ்கெற்றைப் போட்டுப் பூட்டினால் கொஞ்ச நாளில் அதே வாகனம் அதே சூட்டோடு திரும்பி வரும். வெடிப்பு இருந்தால் வேறு ஹெட் தேட வேண்டும். ஆகவே எஸ்டிமேற்றில் மூன்று தொகை எழுதித் தருவோம்: கஸ்கெற் மட்டும் என்றால், முகம் செதுக்க நேர்ந்தால், வெடித்திருந்தால். மூன்றாவதைக் கேட்டு “வேண்டாம், அப்படியே விடுங்கோ” என்று நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது கழற்றிய கூலி மட்டும்தான். அந்தத் தொகையும் முதலே தாளில் இருக்கும்.

வாகனம் இங்கே, காசு அனுப்புகிற மகன் ரொறன்ரோவில் என்றால், அளக்கும்போது எடுத்த படமும் மூன்று தொகையும் அவருக்கு வாட்ஸ்அப்பில் போகும். அப்பா சொல்லி மகன் விளங்கி, இடையில் தொகை மாறிப்போகிற கரைச்சல் இதனால் குறைந்திருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. பற்றரி மாற்றச் சொன்னால் மீற்றரைக் காட்டச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் 12.6 வோல்ற் அளவில் இருந்தால் சார்ஜ் நிறைந்திருக்கிறது. ஸ்ராற் பண்ணும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றரி களைத்துவிட்டது. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் ஏறாவிட்டால் பழுது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்ரனேற்றர் பக்கம். புதுப் பற்றரி வாங்கியும் பயனில்லை. பிறேக் பாட் 3 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தால் மாற்றலாம், 6 இருக்கும்போது அவசரமில்லை. ஸ்கானரில் பழுதைக் குறிக்கும் ஒரு கோட் வந்தது என்பதற்காகச் சென்சர் வாங்காதீர்கள். P0171 என்று வந்தால் என்ஜினுக்குப் போகும் எரிபொருளுக்கு வேண்டிய அளவை விடக் காற்றுக் கூடுகிறது என்றுதான் அர்த்தம். வெடித்த ஒரு றப்பர்க் குழாயும் அதே கோட்டைத் தரும்.

சாமான் விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. பழைய வாகனங்களையே பூட்டிப் பூட்டி ஓடிய அந்தக் காலத்தில் பாவித்த சாமானும் போலிச் சாமானும் நன்றாகக் கலந்துவிட்டன. பில்லில் ‘ஒறிஜினல்’, ‘வேறு கொம்பனி’, ‘பாவித்தது’ என்று ஒவ்வொன்றுக்கும் நேரே எழுதுவோம். நீங்களே சாமான் வாங்கி வந்தாலும் பூட்டித் தருவோம், ஆனால் அது பழுதானால் திரும்பக் கழற்றிப் பூட்டும் கூலி உங்களுடையது.

கழற்றிய சாமான்களை ஒரு பையில் போட்டு வாகன இலக்கம் எழுதி ஏழு நாள் வைத்திருப்போம். வாகனம் எடுக்க வரும்போது கேட்டுப் பாருங்கள். எட்டாம் நாள் அது பழைய இரும்புக்காரரிடம் போய்விடும்.

இப்படிக்கு,
கராஜ் வேலையாட்கள்,
யாழ்ப்பாணம்.